உலகின் ஒதுக்குமூலையிலே
புரொம்போர்க் ஊரும் கொப்பர்னிக்கஸ் பெருமகனாரும்

பெருநூல்கள் தோன்றுவதற்குப் பெருநகரங்களே ஏற்ற இடங்கள் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. நூலகமும் பல்கலைக்கழகமும் கற்றார் குழாமும் இல்லாத சிற்றூரிலே இருந்துகொண்டு ஒருவர் என்ன சாதித்துவிட முடியும் என ஆசிரியர் பலர் மனஞ் சலித்துக் கூறக் கேட்டிருக்கிறேன். மாணவரும் அவ்வாறே எண்ணி, நகரம் புகுந்தாற்றான் கல்வி கைகூடும் என நம்புகின்றனர். அவர்களுக்கெல்லாம் யான் காட்ட விரும்புவது போலந்து நாட்டின் வடகோடியிலே, ஒரு கடற்கழியின் கரையிலே கிடக்கும் புரொம்போர்க் என்னும் சின்னஞ்சிறு பட்டினத்தையாம். பூமி நிலையாக நிற்பதன்று, சூரியனைச் சுற்றிவருவது என நிறுவப் புகுந்த நிக்கொலாஸ் கொப்பர்னிக்கஸ் பெருமகனார், இடையிலே சில ஆண்டுகள் நீங்கலாக, முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததும் அங்கேதான். 1543ஆம் ஆண்டு கண்மூடியதும் அங்கேதான். தாம் வாழ்ந்த அவ்விடத்தை உலகின் மிக ஒதுங்கிய மூலை எனத் தம் நூலின் காணிக்கையுரையிலே அவரே குறிப்பிட்டிருக்கின்றார்.

ஊரும் பேரும்

விஸ்துலா ஆற்றின் பெயரால் வழங்கும் கழியொன்று, நீண்டு ஒடுங்கிய மணற்றிட்டையொன்றாற் கடலினின்றும் பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதன் தென்கரையிலே எழுந்த குன்றின்மீது செங்கல்லாற் கட்டிய பேராலயம் ஒன்று, மதிலும் கோபுரங்களும் சூழக் கோட்டைபோல நிற்கின்றது. அதன் திருப்பணி 1329ஆம் ஆண்டிலே தொடங்கி 1388ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்றது. குன்றின் அடிவாரத்திலே மீனவரும் கைவினைஞரும் வாழ்ந்த ஊர் 1310ஆம் ஆண்டிலே பட்டின உரிமை பெற்றது. ஜெர்மன் மொழியிலே அதற்கு வழங்கிய பிரவுவன்பேர்க் என்னும் பெயர் தேவமாதாவின் கோட்டை என்னும் பொருள் தருவது. இன்றைய போலந்துப் பெயர் அதன் திரிபேயாம்.

வார்மியா என்னும் அந்நிலப்பகுதியை மேற்றிராணியார் ஒருவர் ஆண்டுவந்தார். அவருக்குத் துணையாகப் பேராலயத்தைச் சார்ந்த பதினாறு கனோன்கள் அடங்கிய மன்றம் ஒன்று இருந்தது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மன்றத்துக்கு உரியது. 1466ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் அந்நாடு போலந்து முடிக்கு அடங்கியது. ஊராரிற் பலர் பேசியது ஜெர்மன். அரசர் போலந்து அரசர். கற்றோர் எழுதியது இலத்தீன். ஆகவே கொப்பர்னிக்கஸ் ஜெர்மானியரா, போலந்தினரா எனப் பிற்காலத்தார் நிகழ்த்திய வழக்கு, நம் காலத்து இனப்பற்றை முன்னோர்மேல் ஏற்றியதால் விளைந்ததே. அவர் போலந்து அரசரின் குடி; ஜெர்மன் பேசியவர்; இலத்தீனிலே சிந்தித்தவர். இம்மூன்றும் ஒருவரிடத்தே முரணின்றிப் பொருந்தியிருந்தன.

அம்மான் வளர்த்த பிள்ளை

கொப்பர்னிக்கஸ் 1473ஆம் ஆண்டு பெப்புருவரி 19ஆம் நாள் தோருண் நகரத்து வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவிலே தந்தையாரை இழந்தார். தாயுடன் பிறந்த அம்மானாகிய லூக்கஸ் வாற்சன்றோட அவரைத் தம் பொறுப்பிலே ஏற்றார். 1489ஆம் ஆண்டிலே அவ்வம்மானே வார்மியாவின் மேற்றிராணியாராயினார். மருமகனைப் படிப்பித்து நல்ல பதவியில் அமர்த்துதல் அம்மான் கடன் என்பது அவர் கொள்கைபோலும்.

1491ஆம் ஆண்டிலே கிராக்கொவ் பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர், பின்னர் இத்தாலி நாடு சென்று பொலோஞாவிலே சட்டமும் பாதுவாவிலே மருத்துவமும் பயின்றார். 1503ஆம் ஆண்டிலே பெரரா நகரிலே திருச்சபைச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சட்டம் கற்கச் சென்ற மாணவர் பொலோஞாவிலே வானநூற் பேராசிரியர் ஒருவருடன் இரவு தோறும் விண்ணை நோக்கினார். 1497ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இரவு சந்திரன் உரோகிணி மீனை மறைத்ததைக் கண்டு குறித்துக்கொண்டார். சந்திரனுக்கு உரோகிணி மீதுள்ள காதலைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நாம், அச்சேர்க்கையை அளந்து கணக்கிட்ட ஒருவரை ஈண்டுக் காண்கிறோம். தொன்றுதொட்டு வந்த சந்திர கணிதம் எங்கே பிழைக்கின்றது என்று சோதிக்கவே அவர் அதனை நோக்கினார்.

இத்தாலியிலிருந்து மீண்டபின் அம்மானுக்குச் செயலாளராகவும் மருத்துவராகவும் லிட்ஸ்பார்க் அரண்மனையிலே பணிபுரிந்தார். மேற்றிராணியாரின் மருமகனுக்கு உயர் பதவிகள் காத்திருந்தன. ஆயினும் 1510ஆம் ஆண்டளவிலே அவர் அரண்மனையை விட்டுப் புரொம்போர்க் குன்றினை அடைந்தார். கனோன் பதவி முன்னரே, 1497ஆம் ஆண்டிலே, அவருக்குக் கிடைத்திருந்தது. அப்பதவியின் வருவாய் வாழ்க்கைக்குப் போதும். எஞ்சிய நேரம் தமக்கே உரியது. அதுவே அவர் வேண்டியது என எண்ணுகிறேன்.

அலுவலும் ஆராய்ச்சியும்

கொப்பர்னிக்கஸ் தனித்திருந்து விண்ணையே நோக்கிய துறவி எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. பேராலய மன்றம் அவரிடம் ஒப்புவித்த வேலைகள் பல. 1516ஆம் ஆண்டு தொடக்கம் 1519 வரை ஒல்ஷ்டின் கோட்டையிலே இருந்து மன்றத்தின் நிலபுலங்களை நிருவகித்தார். குடிகள் விட்டுப்போன வெற்று நிலங்களிலே புதிய குடிகளை அமர்த்தினார். எவருக்கு எந்த நிலம், எத்தனை மாடு, எத்தனை குதிரை என அவர் தம் கையாலெழுதிய பதிவேடு இன்றும் உண்டு. ரொட்டியின் விலை மாறாதிருக்கத் தானிய விலைக்கேற்ப அதன் நிறை எவ்வளவிருக்க வேண்டுமென ஒரு கணக்கு வகுத்தார். நோயாளர் வந்தால் மருந்து கொடுத்தார்.

நாணயம் பற்றி அவர் எழுதிய நூல் பொருளியல் கற்பார் அறிய வேண்டுவது. வெள்ளி குறைந்த மட்டமான காசு வழக்கில் வந்தால், மக்கள் நல்ல காசை ஒளித்துவைத்து மட்டமானதையே கைமாற்றுவர். நாளடைவில் நல்லது மறைந்து நாடே வறுமையுறும் என அவர் விளக்கினார். 1522ஆம் ஆண்டிலே இக்கருத்தைப் பிரசிய நாட்டுச் சபையின் முன் எடுத்துரைத்தார்.

போரும் அவரை விடவில்லை. தியூத்தோனிய வீரர் சங்கத்தின் படை 1520ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே புரொம்போர்க் ஊரைத் தீக்கிரையாக்கியது. மதில் சூழ்ந்த குன்று மாத்திரம் தப்பியது. மதிலுக்கு வெளியே இருந்த கனோன்களின் வீடுகளோடு அவர் வீடும் அழிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே அதே படை ஒல்ஷ்டின் கோட்டையை அணுகியபோது, உணவும் படைக்கலமும் தேடிக் காவலை ஒழுங்குசெய்தவர்களுள் அவரும் ஒருவர். கோட்டை வீழவில்லை.

மந்தனோடு பதின்மூன்றாண்டு

இத்தனை அலுவலுக்கிடையே ஆராய்ச்சி எவ்வாறு நடந்தது? இதற்கு விடை சனிக்கோளின் வரலாற்றிலே கிடைக்கின்றது. விண்ணிலே மெல்ல நடப்பதாற் சனிக்கு மந்தன் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 29 ஆண்டுக்குமேற் செல்லும். அதன் பாதையைக் கணிக்க வேண்டின், சூரியனுக்கு நேரெதிரே அது நிற்கும் வேளைகளுள் ஒன்றுக்கொன்று தூரமான மூன்றினைத் தெரிந்து அளத்தல் வேண்டும். கொப்பர்னிக்கஸ் தெரிந்துகொண்ட மூன்றும் 1514, 1520, 1527 ஆகிய ஆண்டுகளுக்குரியன. முதலளவைக்கும் மூன்றாமளவைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். நடுவிலுள்ள அளவை ஊர் எரிந்த அதே ஆண்டின் யூலை மாதத்துக்குரியது. வீட்டை இழந்து, நாடு போரிற் சிக்கியிருந்த வேளையிலும் மந்தனை அவர் மறக்கவில்லை.

அவரிடம் தொலைநோக்கி இல்லை. அக்கருவி அவர் மறைந்து அறுபதாண்டுக்குப் பின்னரே தோன்றியது. மரச்சட்டங்களை இணைத்துத் தாமே செய்த முக்கோணக் கருவி முதலிய சிலவே அவர் கைக்கருவிகள். இடமும் வாய்ப்பானதன்று. கழியிலிருந்தெழும் மூடுபனி விண்ணை மறைக்கும். வடக்கே மிகத் தள்ளிய இடமாதலின் புதன் அடிவானத்துக்கு மேலே நன்கு எழுவதில்லை. ஆதலாற் புதனுக்கு நியூரம்பேர்க் நகரத்தார் எடுத்த அளவைகளையே அவர் கொள்ள நேர்ந்தது. தம் பெருநூலிலே அவர் எடுத்தாண்ட சொந்த அளவைகள் முப்பதுக்கும் குறைவு. இருப்பவை சிலவாயினும் அவற்றிலிருந்து பெறக்கூடியதை முழுதும் பெற்றுக்கொள்வது அவர் ஆற்றல்.

அவர் கண்ட கொள்கைதான் யாது? அலெக்சாந்திரியாவிலே வாழ்ந்த தொலமி என்னும் அறிஞரின் வழிநின்று, பூமி நடுவே அசையாதிருக்கச் சூரியனும் கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என ஏறத்தாழ 1400 ஆண்டுகள் உலகம் நம்பியது. கோள்கள் சிலவேளை பின்னோக்கி நடப்பதுபோலத் தோன்றுகின்றன. நம் பஞ்சாங்கங்கள் அதனை வக்கிரம் என்னும். அதற்குக் காரணங் கூறத் தொலமி வட்டத்தின்மேல் வட்டம் வகுத்தார். கொப்பர்னிக்கஸோ பூமியையும் கோள்களுள் ஒன்றாக்கினார். விரைந்து செல்லும் வண்டியில் இருப்பவனுக்கு, முந்தப்படும் வண்டி பின்னோக்கிச் செல்வதுபோலத் தோன்றும் அன்றோ? செவ்வாயைப் பூமி முந்தும்போது செவ்வாய் வக்கிரிப்பதாகத் தோன்றுவதும் அவ்வாறே. கோள்களின் வரிசையும், சூரியனிலிருந்து அவை நிற்கும் தூரங்களின் விகிதமும் இக்கொள்கையினால் ஐயமின்றி அமைந்தன. 1514ஆம் ஆண்டுக்கு முன்னரே இதன் சுருக்கத்தைச் சிறு கையெழுத்துப் பிரதியாக எழுதி நண்பர் சிலருக்கு மட்டும் அனுப்பினார். பெருநூலை அச்சிட 1543 வரை பொறுத்தார்.

அஞ்சினாரா, ஆய்ந்தாரா?

முப்பது ஆண்டு தாழ்த்தியது ஏன் என மாணவர் பலர் வினவுவதுண்டு. திருச்சபைக்கு அஞ்சினார் என்பது பலர் கூறும் விடை. ஆனால் 1536ஆம் ஆண்டிலே நூலை வெளியிடுமாறு உரோமாபுரியிலிருந்து கருதினால் ஒருவர் கடிதம் வரைந்தார். நூலும் பாப்பரசர் மூன்றாம் பவுல் அவர்களுக்கே காணிக்கையாக்கப்பட்டது. அவர் அஞ்சியது பெரிதும் அரைகுறைக் கல்வியாளரின் ஏளனத்துக்கே. அதனை அவரே மறைக்கவில்லை. அதனினும் வலிய காரணம் வேறொன்று என்பது என் கருத்து. கொள்கையைக் கூறுதல் எளிது. ஒவ்வொரு கோளுக்கும் கணக்கிட்டு நிறுவுதல் அரிது. நிறுவாத கொள்கையை வெளியிட அவர் மனம் ஒப்பவில்லை. மந்தனின் மூன்றாமளவை 1527 வரை கைக்கு வரவில்லை. வராத அளவைக்கு முன்னே நூல் எவ்வாறு வரும்?

எனினும், ஒருவர் தூண்டாதிருந்தால் அந்நூல் பெட்டியிலேயே கிடந்திருக்கும். 1539ஆம் ஆண்டிலே ரெற்றிக்கஸ் என்னும் 25 வயது இளைஞர் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்திலிருந்து புரொம்போர்க் வந்து சேர்ந்தார். அவர் லூத்தரின் மதத்தவர். அம்மதத்தாரை நாட்டிலிருந்து விலக்க வேண்டுமென வார்மியாவின் மேற்றிராணியார் கட்டளையிட்டதும் அவ்வாண்டிலேதான். ஆயினும் 66 வயதுக் கிழவர் அவ்விளைஞரை மாணவராக ஏற்றார். ஏறத்தாழ இரண்டாண்டு தம்மிடத்தே வைத்துத் தம் கணக்கையெல்லாம் அவர்முன் விரித்துவைத்தார். ஆசிரியரின் கொள்கையை விளக்கி 1540ஆம் ஆண்டிலே க்டான்ஸ்க் நகரிலே ரெற்றிக்கஸ் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்பே முதியவரின் தயக்கத்தைத் தீர்த்தது.

வானகோளங்களின் சுழற்சி பற்றிய ஆறு பகுதிகளையுடைய பெருநூல் நியூரம்பேர்க் நகரிலே அச்சாயிற்று. அங்கே மேற்பார்வை செய்த ஒசியாண்டர் என்பார், இக்கொள்கை உண்மையாயிருக்க வேண்டியதில்லை, கணக்குக்கு உதவினாற் போதும் என்னும் கருத்துப்பட ஒரு முன்னுரையைக் கையொப்பமின்றிச் சேர்த்துவிட்டார். வாழ்நாளெல்லாம் உண்மையென நிறுவ உழைத்தவரின் நூலின் வாயிலிலேயே அது பொய்யாகலாம் என்னும் பலகை தொங்கியது. நண்பராகிய மேற்றிராணியார் கீசே சினந்து எழுதியும் பயனில்லை. நூல் வெளிவரக் காரணமாயிருந்த ரெற்றிக்கஸின் பெயரும் அதிலே யாண்டும் இல்லை. இதற்காகவும் கீசே அவ்விளைஞரிடம் வருத்தந் தெரிவித்தார்.

கொப்பர்னிக்கஸ் 1542ஆம் ஆண்டின் இறுதியிலே பாரிசவாதமுற்றுப் படுக்கையிலானார். அச்சிட்ட நூல் அவர் உயிர்நீத்த 1543 மே 24ஆம் நாளிலேயே அவர் கைக்கு எட்டியது என்பர். கனோன்களின் வழக்கப்படி பேராலயத் தரையின் கீழ் அடக்கஞ் செய்தனர். மேலே பெயர் பொறித்த கல் வைக்கவில்லை.

நூலின் பின்வரலாறு

தைக்கோ பிராகே என்னும் டென்மார்க்கு வானநூலறிஞர் 1584ஆம் ஆண்டிலே தம் உதவியாளரைப் புரொம்போர்க்குக்கு அனுப்பினார். பெருமகனார் தம் கையாற் செய்த முக்கோணக் கருவி அவருக்குக் கொடையாகக் கிடைத்தது. கொப்பர்னிக்கஸ் வட்டங்களையே நம்பியிருந்தார். 1609ஆம் ஆண்டிலே கெப்ளர் கோள்களின் பாதை நீள்வட்டம் எனத் திருத்தினார். மறுவருடம் கலிலியோ தாம் தொலைநோக்கியாற் கண்டவற்றை வெளியிட்டார். 1616ஆம் ஆண்டிலே திருச்சபை, திருத்தப்படும் வரை நூலை நிறுத்திவைக்குமாறு விதித்தது. 1835ஆம் ஆண்டுப் பட்டியலிலேதான் அது தடைநூல்களிலிருந்து நீங்கியது. பூமி சுற்றுவது மெய்யானால் அண்மையிலுள்ள விண்மீன்கள் ஆண்டுதோறும் சிறிது இடம்பெயர்ந்து தோன்றவேண்டும் என்பது எதிர்ப்பக்கத்தார் தொடுத்த வினா. அச்சிறு பெயர்ச்சியை 1838ஆம் ஆண்டிலே பெசல் என்பார் அளந்து காட்டினார். அவர் அளந்த இடமாகிய கேனிக்ஸ்பேர்க், புரொம்போர்க்கிலிருந்து 70 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலுள்ளது. இன்று உருசியாவைச் சேர்ந்து கலினின்கிராட் என வழங்கும் நகரமே அது. வினாவும் விடையும் ஒரே கழிக்கரையிலே பிறந்தன என்க.

கொள்ளைபோன நூல்

புரொம்போர்க் ஊர் பட்ட பாடு பெரிது. 1626ஆம் ஆண்டிலே சுவீடன் அரசரின் படை பேராலயத்தைச் சூறையாடியது. கனோன்களின் நூல்களும் கொப்பர்னிக்கஸின் ஏடுகளும் கப்பலேறி உப்சாலா நகரம் சென்றன. 1772ஆம் ஆண்டுப் பிரிவினையிலே ஊர் பிரசியாவுக்கு உரியதாயிற்று. 1945ஆம் ஆண்டின் போரிலே பட்டினத்தின் பெரும்பகுதி இடிந்து மண்ணாயிற்று. உறைந்துகிடந்த கழியின் பனித்தளத்தின்மேல் ஏதிலிகள் கூட்டங் கூட்டமாக நடந்து தப்பினர். பலர் பனிக்கடியிலே மாண்டனர். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஜெர்மன் குடிகள் நீங்கினர். தம் சொந்த ஊர்களை இழந்த போலந்தினரும், 1947ஆம் ஆண்டிலே தென்கிழக்கிலிருந்து பலவந்தமாகப் பெயர்க்கப்பட்ட உக்ரேனியரும் அவ்விடத்தே குடியேறினர். மக்கள் குறைந்தமையாற் பட்டின உரிமையும் போயிற்று. அது மீண்டது 1959ஆம் ஆண்டிலேதான்.

புதிய குடிகளுக்குக் கொப்பர்னிக்கஸ் யார்? குருதித் தொடர்பு இல்லை. ஊர்த் தொடர்பும் நேற்று வந்தது. ஆயினும் அவர் நினைவைக் காத்தல் தம் கடன் என அவர்கள் ஏற்றனர். 1948ஆம் ஆண்டிலே அவர் பெயரால் அருங்காட்சியகம் அமைந்தது. 1973ஆம் ஆண்டு அவருடைய ஐந்நூறாம் பிறந்தநாளை முன்னிட்டு, 1966 முதல் போலந்துச் சாரணச் சிறுவர் சிறுமியர் பல்லாயிரவர் கோடைதோறும் வந்து கல்லும் மண்ணுஞ் சுமந்து இடிந்த ஊரைக் கட்டியெழுப்பினர்.

கல்லறை மாத்திரம் காணப்படவில்லை. ஒவ்வொரு கனோனும் தம் பொறுப்பிலிருந்த பலிபீடத்தின் அருகே அடக்கப்படுவர் என்னும் குறிப்பைப் பற்றிக்கொண்டு அகழ்வாராய்ச்சியாளர் தேடினர். 2005ஆம் ஆண்டிலே திருச்சிலுவைப் பலிபீடத்தின் அருகே எழுபது வயதளவான ஆடவர் ஒருவரின் மண்டையோடு கிடைத்தது. அது அவருடையதே என நிறுவுவது எங்ஙனம்? உப்சாலாவிலே, அவர் நெடுங்காலம் கையாண்ட பஞ்சாங்க நூலொன்றின் தாள்களிடையே சில மயிர்கள் சிக்கியிருந்தன. அவற்றுள் இரண்டின் மரபணுவும் எலும்பின் மரபணுவும் ஒத்திருப்பதாக 2008ஆம் ஆண்டிலே அறிவித்தனர். சூறையாடியவர் கொண்டுபோன நூலே, பறிகொடுத்த ஊருக்கு அதன் பெருமகனாரை இனங்காட்டித் தந்தது.

2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அதே பேராலயத்திலே அவரை மீண்டும் நல்லடக்கஞ் செய்தனர். முன்னர் பெயரின்றி மறைந்தவருக்கு இம்முறை குருமாரும் அறிஞரும் ஊராரும் திரண்டு மரியாதை செய்தனர்.

இன்றைய புரொம்போர்க்

இன்று அங்கே வாழ்வோர் 2,500 பேருக்கும் குறைவு. பெருந்தொழில் ஏதுமில்லை, கோடையிலே வரும் பயணிகளே ஊரின் வருவாய்க்குப் பெருந்துணை. படகுகள் கழியைக் கடந்து எதிர்க்கரை சேர்கின்றன. பேராலயத்திலே 17ஆம் நூற்றாண்டின் பெரிய ஓர்கன் வாத்தியம் கோடை விழாக்களில் இசைக்கின்றது. மணிக்கோபுரத்தினுள்ளே நீண்ட ஊசலொன்று தொங்குகின்றது. அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதைக் கண்டு, பூமியே சுழல்கிறதெனச் சிறுபிள்ளையும் உணர்ந்துகொள்ளும். 2022ஆம் ஆண்டிலே மணற்றிட்டையை வெட்டித் திறந்த கால்வாயாற் கழியிலிருந்து கடலுக்கு, உருசிய எல்லையைத் தீண்டாமலே, வழி பிறந்துள்ளது. நீர்க்கோபுரம் ஒன்றைக் காட்டிக் கொப்பர்னிக்கஸ் கட்டியதென ஊர்க்கதை கூறுவதுமுண்டு. அது அவர் மறைந்து முப்பதாண்டின் பின் எழுந்தது. அன்பு மிகுந்தவிடத்தே கதையும் மிகுதல் இயல்பு.

ஞாயிறு எழுந்தது, ஞாயிறு மறைந்தது என்றே நாம் இன்னும் பேசுகிறோம்; மொழி பழையபடியே இருக்க, அறிவு மாறிவிட்டது. அதனை மாற்றியவர் பெருநகரத்துப் பீடத்தில் அமர்ந்தவரல்லர். மூடுபனி சூழ்ந்த சிற்றூரிலே நிலக்கணக்கும் ரொட்டிக்கணக்கும் பார்த்து, நோயாளருக்கு மருந்து கொடுத்து, தெளிந்த இரவு வாய்த்தபோதெல்லாம் மேலே நோக்கி, மந்தன் தன் வழியே வரும்வரை காத்திருந்தவர். தம் ஊர் சிறிது, வசதி குறைவு, அலுவல் மிகுதி எனச் சோர்வுறும் ஆசிரியரும் மாணவரும் அவர் கல்லறையை எண்ணிப்பார்ப்பாராக. கருங்கல்லாலாய அக்கல்லின்மேல் நடுவே பொற்சூரியனும், சூழ ஆறு கோள்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாறனுள் ஒன்று நம் பூமி. தனக்குரிய இடத்திலே, மற்றைய கோள்களோடு ஒருங்கு நிற்கின்றது.